பார்த்துவிட்டுத்தான் ஏறினேன்

யானையின் காலில் புண் இருந்ததை ஏறுவதற்கு முன்பே பார்த்துவிட்டேன். இதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஏனென்றால், "தெரியாமல் ஏறிவிட்டேன்" என்று பிற்பாடு பலரிடம் சொல்லியிருக்கிறேன். அது பொய்.

மே மாத லீவில் நாலைந்து குடும்பம் சேர்ந்து வேன் பேசிக்கொண்டு கிளம்புவது அத்திப்பட்டில் எங்கள் தெரு வழக்கம். வருஷம் முழுக்க அனல்மின் நிலையத்துச் சாம்பலையும் நிலக்கரி லாரிப் புழுதியையும் சுவாசிக்கிற பிள்ளைகள், ஒரு சில நாளாவது பச்சையைப் பார்க்கட்டும் என்றுதான். ஒரு வருஷம் கம்பம் வழியாகக் குமுளி போனோம். தேக்கடியில் படகு டிக்கெட் கிடைக்கவில்லை. பிள்ளைகள் முகம் வாடிவிட்டது. டிரைவர் ஒரு தனியார் யானை முகாமில் கொண்டுபோய் நிறுத்தினார்.

பெண் யானை. சிமென்ட் தரையில் நின்றுகொண்டிருந்தது. முன்னங்காலில் சங்கிலி உரசுகிற இடத்தில் தோல் வழண்டு, வேப்பெண்ணெயும் மஞ்சளும் குழைத்து அப்பியிருந்தார்கள். அதையும் மீறி ஈ மொய்த்தது. நான் வாயைத் திறந்து ஒன்றும் கேட்கவில்லை. என் கண் போன இடத்தைப் பார்த்துவிட்டு பாகனே சொன்னார்: "பழைய புண்ணு சார், ஒண்ணும் ஆகாது." தலையை ஆட்டினேன். மகளை முன்னால் உட்காரவைத்து, நானும் மனைவியும் பின்னால் உட்கார்ந்தோம். உச்சி வெயில். பாகன் காதுக்குப் பின்னால் காலால் அழுத்தியதும் அது நடந்தது. சாலை முனைவரை போய்த் திரும்பியது. இறங்கும்போது அடுத்த குடும்பம் மேடையில் காத்திருந்தது.

நான் மீஞ்சூர் சாலையில் எடைமேடையில் வேலை பார்ப்பவன். ஆர்.சி. புக்கில் உள்ள எடைக்கு மேல் ஏற்றிவந்தால் லாரியைத் திருப்பியனுப்புவேன். டயர் தேய்ந்திருந்தால் டிரைவரைக் கூப்பிட்டுக் காட்டுவேன். அந்த யானையிடம் அந்த அக்கறைகூட எனக்கு இல்லை. கேட்டிருக்க வேண்டிய காகிதங்கள் உண்டு. 1972-ம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி, யானை வைத்திருப்பவரிடம் உரிமைச் சான்று இருக்க வேண்டும். யானையைக் காட்டிச் சம்பாதிப்பவர், 2001-ம் ஆண்டு விதிகளின்படி விலங்குகள் நல வாரியத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். இந்த விவரமெல்லாம் அன்று எனக்குத் தெரியாது என்பது நிஜம். ஆனால் ஏதாவது ஒரு கேள்வி கேட்டால் சவாரி நின்றுவிடும், மகள் அழுவாள் என்று தெரிந்தேதான் வாயை மூடிக்கொண்டேன்.

ஊர் திரும்பி, யானை மேல் எடுத்த போட்டோவை வாட்ஸாப்பில் வைத்தேன். அடுத்த முறை குமுளி போனவர்களுக்கு அந்த முகாமின் நம்பரை நானே கொடுத்தேன். அவர்களிடமும் புண்ணைப் பற்றிப் பேசவில்லை.

மனசு உறுத்தியபோது தொழில் புத்தியில் எடைக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். முதுகில் சுமை ஏற்றி யானையின் நடையை அளந்த ஓர் ஆய்வு தாய்லாந்தில் நடந்திருக்கிறது. உடல் எடையில் 15 சதவீதம் வரை ஏற்றியும் நடை பெரிதாக மாறவில்லை என்றது அது. மூன்று டன் யானைக்கு 450 கிலோ. நாங்கள் மூவரும் இரும்பு இருக்கையும் சேர்ந்தால் அதில் பாதிதான் வருவோம். "அப்பாடா" என்று இருந்தது. அந்த நிம்மதியைத்தான் இன்று நினைத்தால் கூசுகிறது.

ஏனென்றால் கனம் மட்டுமே கணக்கில்லை. 2016 ஏப்ரலில் கம்போடியாவின் அங்கோர் வாட் அருகே, சுற்றுலாப் பயணிகளைச் சுமந்த சம்போ என்ற பெண் யானை 40 டிகிரி வெயிலில் சாலையோரம் விழுந்து செத்தது. யானைக்கு நம்மைப் போல உடம்பெல்லாம் வேர்க்காது. காதை வீசியும் மண்ணையும் தண்ணீரையும் வாரி இறைத்தும்தான் சூட்டைத் தணித்துக்கொள்ளும். சங்கிலியில் நிற்கிற யானைக்கு மண்ணுக்கும் தண்ணீருக்கும் வழியில்லை.

அதற்கும் முந்தைய கேள்வி ஒன்று உண்டு. மனிதன் காலால் அழுத்தினால் நடக்க அது எங்கே படித்தது? 2019-ல் சின்னத்தம்பி என்ற காட்டு யானையைப் பிடித்தபோது தமிழ்நாடே பதறியது. தடாகம் பகுதியில் பிடித்து டாப்சிலிப் காட்டில் விட்டார்கள். அது திரும்பி வந்தது. மறுபடி பிடித்து வரகளியாறில் கரால் என்ற மரக்கூண்டில் அடைத்து, பழக்கிக் கும்கியாக்கினார்கள். அதை விட்டுவிடச் சொல்லி வந்த செய்திகளை எல்லாக் குரூப்புக்கும் அனுப்பியவன் நான். காட்டில் பிடிபட்ட யானை எதுவும் அப்படி ஒரு பழக்கத்துக்கு ஆளாகாமல் முதுகைக் கொடுக்காது. ஒரு யானைக்காகக் கண்ணீர் விட்டவன், இன்னொன்றின் முதுகில் டிக்கெட் வாங்கி உட்கார்ந்தேன்.

"சவாரி இல்லாவிட்டால் யானைக்கும் பாகனுக்கும் சோறு யார் போடுவது?" என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. 1989-ல் தாய்லாந்து காடுகளில் மரம் வெட்டத் தடை வந்தபோது, வேலை இழந்த யானைகளில் பல சுற்றுலாவுக்குத்தான் வந்தன. கொரோனாவில் சுற்றுலா நின்றதும் சுற்றுலா யானைகள் பல பட்டினி கிடந்தன. அந்தக் குமுளிப் பாகனும் கூலிக்காரர்தான். அவரைக் குற்றம் சொல்ல எனக்கு வாயில்லை. ஆனால், அந்த யானை குளிப்பதையும் தின்பதையும் தள்ளி நின்று பார்க்க அதே காசைக் கொடுத்திருக்கலாம். முதுமலை தெப்பக்காட்டில் யானைக்கு உணவு கொடுப்பதைப் பார்க்கவே ஜனம் போகிறது.

"வேலை கொடுக்கிறோமே" என்ற பதில் எங்கள் பக்கத்துக்குப் புதிதில்லை. கொசஸ்தலை ஆற்றில் சாம்பல் கலக்கிறது, மீன் இல்லை என்று எண்ணூர்க்காரர்கள் முறையிடும்போதெல்லாம் காதில் விழுகிற பதில் அது. அதைக் கேட்டுக் கொதிக்கிற நான், எனக்கு வசதியான இடத்தில் அதையே சொல்லிக்கொண்டேன்.

இந்த மே மாதமும் வேன் பேசுகிறார்கள். பின் வீட்டு அண்ணன் முகாம் நம்பர் கேட்டார். தரவில்லை. காரணத்தைச் சொன்னேன். "அப்ப நீ மட்டும் ஏன்பா ஏறினே?" என்றார். பிள்ளை ஆசைப்பட்டது என்று சொல்ல வந்து நிறுத்திக்கொண்டேன். ஆசைப்பட்டவள் பிள்ளை, காசை எண்ணிக் கொடுத்தவன் நான். மகளிடமும் இதை ஒளிக்காமல் சொன்னேன்.

குமுளிக்குப் போக வேண்டாம் என்று யாரிடமும் சொல்லவில்லை. படகு டிக்கெட்டை முன்கூட்டியே போட்டுவிடுங்கள். பெரியாறு ஏரிக்கரைக்குத் தண்ணீர் குடிக்க யானைக் கூட்டம் வந்தால் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். வராவிட்டால், இன்றைக்கு அவை வரவில்லை என்று அவர்களிடம் சொல்லுங்கள். அவர்கள் புரிந்துகொள்வார்கள்.