பணம் வாங்குகிறவருக்குப் பின் நம்பர் எதற்கு?

முன்பெல்லாம் வீட்டில் ஒரு சாமான் வேண்டாமென்றால் வழி சுலபம். பழைய புடவை, பேண்ட் என்றால் தெருவில் வரும் பாத்திரக்காரரிடம் போட்டு ஓர் எவர்சில்வர் டப்பா வாங்கிக்கொள்வோம். இரும்பும் பேப்பரும் காயலான் கடைக்கு. பெரிய சாமானைத் தெரிந்தவர்கள் யாராவது கேட்டு வாங்கிப் போவார்கள். இப்போது போனில் படம் எடுத்துப் போட்டால் அரை மணியில் பத்துப் பேர் கூப்பிடுகிறார்கள். குழந்தை ஆறே மாதம் படுத்த தொட்டிலும் காசாகிறது, ஆசைப்பட்டு வாங்கித் தொடாமலே கிடக்கும் ஓவனும் காசாகிறது. நல்ல வசதிதான். ஆனால் கூப்பிடுகிறவர்கள் எல்லோரும் பொருளை வாங்கத்தான் கூப்பிடுகிறார்கள் என்று நினைத்துவிடக் கூடாது.

கோவையில் இருக்கும் என் தங்கை, தொட்டிலை 3,500 ரூபாய்க்குப் போட்டாள். உடனே ஒருவன் பேசினான். "மேடம், நான் மிலிட்டரியில இருக்கேன். டிரான்ஸ்ஃபராகி உங்க ஊருக்கு வரேன். நீங்க சொன்ன விலையே சரி. பணம் இப்பவே அனுப்பறேன், ஆள் வந்து எடுத்துக்குவான்." சீருடையில் எடுத்த அடையாள அட்டைப் படமும் வந்தது. பட்டாளத்துக்காரர் என்றால் நமக்கு ஒரு மரியாதை இருக்கிறதல்லவா, அதையே தூண்டிலாக்குகிறார்கள்.

முதலில் 5 ரூபாய் அனுப்பினான். வந்தது. பிறகு ஒரு கறுப்பு வெள்ளைக் கட்டம். "இதை ஸ்கேன் பண்ணி உங்க பின் நம்பரைப் போடுங்க, மொத்தமும் வந்துடும்." அவளும் போட்டாள். இருந்த பணத்தில் 3,500 போயிற்று. "ஐயோ, தப்பா கழிஞ்சிடுச்சு மேடம். இன்னொரு தரம் போடுங்க, ரெண்டும் சேர்ந்து வரும்" என்றான். இன்னொரு 3,500. குழந்தைக்குக் காது குத்தத் தோடு வாங்கச் சேர்த்த பணம்.

பால் கடையில் தொங்கும் அட்டையை நாம் ஸ்கேன் செய்கிறோமே, பணம் யாருக்குப் போகிறது? கடைக்காரருக்குத்தானே? அவர் ஒன்றும் பண்ணுவதில்லை, சும்மா நிற்கிறார். விற்கும்போது நாம்தான் கடைக்காரர். யு.பி.ஐ.யில் பணம் வாங்க ஸ்கேன் செய்யவும் வேண்டாம், பின் நம்பரும் வேண்டாம். அந்த நம்பரைப் போட்டால் காசு வெளியேதான் போகும். போனில் ஏதோ ஒரு ஆப்பை ஏற்றச் சொல்கிறவனும் இதே ஜாதிதான். நம் திரையில் இருப்பதை அவன் உட்கார்ந்த இடத்தில் பார்ப்பதற்கு அது.

இன்னொன்று சொல்கிறேன். நாம் கால் கிலோ கத்தரிக்காயைக்கூடப் பேரம் பேசாமல் வாங்குவதில்லை. பொருளைப் பார்க்காமல், ஒரு ரூபாய் குறைக்காமல் "சரி" என்கிறவரிடம் எனக்கு முதலிலேயே சந்தேகம் வந்துவிடும்.

தங்கை விஷயத்தில் எனக்குத் தாங்காதது பணம் போனதல்ல. "அவருக்குத் தெரிஞ்சா திட்டுவார்க்கா" என்று இரண்டு நாள் யாரிடமும் சொல்லாமல், குழந்தைக்குச் சோறு ஊட்டிக்கொண்டே அழுதிருக்கிறாள். இதற்கென்றே 1930 என்று ஒரு நம்பர் இருக்கிறது. உடனே கூப்பிட்டால், திருடன் கணக்கிலிருந்து எடுப்பதற்குள் பணத்தை முடக்கிவைக்க வழி உண்டு. இரண்டு நாள் கழித்துச் சொன்னதால் அந்தக் கணக்கில் ஒன்றும் மிச்சமில்லை என்றார்கள். திட்டு வாங்குவதானால் வாங்கிக்கொள்ளலாம், அதைப் போன் செய்த பிறகு வாங்கிக்கொள்ளலாம். வீட்டு ஆண்களுக்கும் இதைப் படித்துக் காட்டுங்கள். திட்டுக்குப் பயந்துதானே அவள் மறைத்தாள்?

நிஜமாகவே வாங்க வருகிறவர்களிடமும் கொஞ்சம் கவனம் வேண்டும். படம் எடுக்கும்போது பின்னால் ஒரு போர்வையைத் தொங்கவிடுவேன். நம் பீரோவும் ஜன்னலும் ஊருக்கெல்லாம் தெரிவானேன்? "பகலில் தனியாத்தான் இருப்பேன், எப்ப வேணா வாங்க" என்று வாய்தவறிக்கூடச் சொல்லக் கூடாது. விலாசம் கேட்டால் பக்கத்துக் கோயில் அடையாளத்தை மட்டும் சொல்லி, வந்தபின் வழி காட்டலாம்.

போன மாதம் என் பழைய கிரைண்டரை விற்றேன். ஞாயிற்றுக்கிழமை, என் கணவர் வீட்டில் இருக்கும் நேரமாகப் பார்த்து வரச்சொன்னேன். முன்னாலேயே வராந்தாவில் எடுத்து வைத்தாகிவிட்டது. ஓர் அம்மாளும் அவர் மகனும் வந்தார்கள். ஓடவிட்டுப் பார்த்து, "சத்தம் வருதே" என்று 300 ரூபாய் குறைத்தார்கள். பையன், பணம் அனுப்பியாயிற்று என்று அவன் போனை நீட்டினான். அந்த மாதிரிப் படத்தை யார் வேண்டுமானாலும் செய்யலாமாம். "இரு தம்பி, கோவிச்சுக்காதே" என்று என் பாங்கு ஆப்பைத் திறந்து, கணக்கில் ஏறியதைப் பார்த்தேன். அந்த அம்மாள் கோபிக்கவில்லை. குழவியைத் தனியே எடுத்துப் பழைய துணியில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு ஆட்டோவில் ஏறினார்.