ஏரிக்கரையில் கிடந்த நீலச் சுவர்

பொதுப்பணித் துறையில் 32 வருடம் இன்ஜினியராக இருந்தவன் நான். அப்படிப்பட்ட நானே செய்த தப்பு இது.

2017-ல் தென்சென்னையில் அப்பா கட்டிய பழைய வீட்டை இடித்தோம். இடித்தவர், "ரப்பீஸை நாங்களே பார்த்துக்கறோம் சார்" என்றார். எங்கே கொட்டுவீர்கள் என்று நான் கேட்கவில்லை. ராத்திரியோடு ராத்திரியாகப் பதினோரு லோடு போயிற்று.

ஒரு வாரம் கழித்துக் காலை நடையின்போது ஏரிக்கரையில் ஒரு சுவர்த் துண்டைப் பார்த்தேன். அம்மாவுக்குப் பிடித்த, நீலம் தூக்கலாகக் கலந்த சுண்ணாம்பு. எங்கள் சமையலறைச் சுவரேதான்! நான் நீச்சல் பழகிய ஏரி அது. 2016-லேயே கட்டடக் கழிவு மேலாண்மை விதிகள் வந்துவிட்டன. இப்படிக் கண்ட இடத்தில் கொட்டக் கூடாது என்பது எனக்குத் தெரியாததல்ல.

அந்த வீடு கட்டியபோது நான் சிறுவன். உடைந்த செங்கல் ஒன்றைக்கூட யாரும் வெளியே எறியவில்லை. சித்தாள் பெண்கள் உட்கார்ந்து அதை ஜல்லியாக உடைத்தார்கள். சுண்ணாம்பும் கடுக்காய்த் தண்ணீரும் வெல்லமும் சேர்த்து, தட்டித் தட்டி மொட்டை மாடித் தளம் போட்டார்கள். ஐம்பது மழைக்காலம் தாங்கிய தளம். உங்களில் பலரும் பார்த்திருப்பீர்கள்.

சென்ற வருடம் தம்பி தன் வீட்டை இடித்தான். இந்த முறை விடவில்லை. தேக்குக் கதவு, ஜன்னல், கம்பி எல்லாம் முதலில் கழற்றி விற்றோம். முழுச் செங்கல்லைச் சுத்தம் செய்து அடுக்கினோம். மரம், பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் எல்லாவற்றையும் தனியே பிரித்தோம். மீதி, பெருங்குடியில் உள்ள மாநகராட்சி மறுசுழற்சி ஆலைக்குப் போயிற்று.

"அந்த ஜல்லியையே நம்ம வீட்டுக்குப் போடலாமே" என்றேன்.

"பழைய ஜல்லியாண்ணா? வீடு தாங்குமா?" என்றான் தம்பி.

நியாயமான பயம்தான். பழைய கலவை ஒட்டிக்கொண்டிருப்பதால் அந்த ஜல்லி தண்ணீரை அதிகம் குடிக்கும். முன்கூட்டியே நனைத்துக்கொள்ள வேண்டும். ஐ.எஸ். 383 தரவிதி 2016 முதல் இதை அனுமதிக்கிறது. எம்-25 வரையிலான கம்பி போட்ட கான்கிரீட்டில் 20 சதவீதம் வரை சேர்க்கலாம். எம்-15-க்குக் குறைவான கான்கிரீட்டில் முழுக்கவே போடலாம். தம்பியின் நிம்மதிக்காகத் தூணையும் உத்திரத்தையும் தொடவில்லை. தரைக்கு அடியில் போடும் கான்கிரீட்டுக்கும், வாசல் பேவர் பிளாக்குக்கும் மட்டும் பயன்படுத்தினோம். இரண்டு மழை பார்த்தாயிற்று, ஒரு கல்லும் அசையவில்லை.

உங்கள் வீட்டையோ பிள்ளைகள் வீட்டையோ இடிக்க நேர்ந்தால், லாரி கிளம்பும் முன் "எங்கேப்பா போகுது?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள். நான் கேட்காமல் விட்ட கேள்வி அது.