புன்னை மரமும் மூன்று கால் ஆடும்

2023 டிசம்பர் 17, 18 தேதிகளை எங்கள் பக்கத்தில் யாரும் மறக்க மாட்டார்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. மழை. தாமிரபரணி கரைபுரண்டு வந்து புன்னக்காயலைத் தீவாக்கிவிட்டது. எங்கள் வீட்டுக்குள்ளும் முழங்கால் அளவு தண்ணீர். வடிந்த பிறகு பார்த்தால், கொல்லையில் என் மாமனார் வைத்த புன்னை வேரோடு சாய்ந்து கிடந்தது.

விறகு வியாபாரி கிளைகளை வெட்டி எடுத்துக்கொண்டு, அடிமரத்துக்கும் விலை கேட்டார். "எங்க அப்பா வச்ச மரம். அடுப்புக்குக் கொடுக்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டாள் என் மனைவி. பலகையாக அறுத்துத் திண்ணையில் ஒரு பெஞ்சு போட வேண்டும் என்பது அவள் ஆசை.

மரம் எட்டடி நீளம், நாலடி சுற்றளவு. கால் டன்னாவது இருக்கும். ஈரமண்ணில் கிடந்தால் கறையான் விடாது. தூக்கி வைக்க ஆள் கூப்பிடலாம் என்றால், ஊரில் அவரவர் வள்ளத்தையும் வலையையும் சரிசெய்யவே நேரம் போதவில்லை. எனக்கோ எழுபதைத் தாண்டிய வயது, முதுகுவலி வேறு.

நான் காரைக்காலில் பிரெஞ்சு வழியில் படித்தவன். நெம்புகோலை 'லெவியே' என்று சொல்லி, அதன் மூன்று வகைகளையும் மனப்பாடம் செய்ய வைத்தார்கள். நன்றாக ஒப்பித்தேன், ஒரு கழியைத் தொட்டதில்லை. அப்புறம் முப்பது வருஷத்துக்கு மேல் தொட்டதெல்லாம் கோப்புகள்தான். பாரம் தூக்கும் முக்காலிக்குப் பிரெஞ்சில் 'ஷேவ்ர்' என்று பெயர். வெள்ளாடு என்று அர்த்தம். அந்த ஆடு இப்போது நினைவுக்கு வந்தது.

நாலடிச் சவுக்குக் கம்புகள் மூன்றை உச்சிக்குக் கொஞ்சம் கீழே சேர்த்துக் கட்டி, கால்களை விரித்து நிறுத்தினேன். மேலே அமைந்த கவையில் ஆறடிக் கழி ஒன்றைக் கிடத்தினேன். மரத்தின் பக்கம் ஓரடி, என் பக்கம் ஐந்தடி. குட்டை முனையிலிருந்து கயிறு இறங்கி மரத்தைச் சுற்றியது. ஒரு முனையை மட்டும் தூக்கினால் பாதி எடை, அதாவது 125 கிலோ. அதில் ஐந்தில் ஒரு பங்கு 25 கிலோ. ஒரு சிப்பம் அரிசி. ஆனால் என் கை இரண்டரை அடி இறங்கினால் மரம் அரையடிதான் ஏறும். சும்மா எதுவும் கிடைப்பதில்லை.

மரம் எழும்பியது. எனக்கு ஒரே பெருமை. மனைவி குனிந்து அடியில் கட்டையை வைத்துவிட்டுக் கையை எடுத்தாள். அந்த நொடியில் கயிறு அவிழ்ந்தது. மரம் விழுந்து கட்டை எகிறிப் போயிற்று. அவள் ஒன்றும் சொல்லவில்லை. எனக்குத்தான் கை நடுக்கம் நிற்கவே நேரமாயிற்று. அந்த வாரம் முழுக்க முக்காலியைச் சுவரில் சாத்தி வைத்துவிட்டேன்.

மைத்துனர் வந்து முடிச்சைப் பார்த்துச் சிரித்தார். "அத்தான், இது ஆபீஸ் கட்டுல்லா? ஃபைலுக்குத்தான் ஆகும்."

கடலுக்குப் போகிறவர் அவர். ஈரத்தில் இழுக்க இழுக்க இறுகும் முடிச்சைப் போட்டுக் கொடுத்தார். முக்காலியின் கால்கள் மணலில் புதையாமல் அடியில் பலகைத் துண்டுகளையும் வைத்தார். நான் ஒரு விதியைச் சேர்த்தேன்: கட்டையை நீளக் கம்பால்தான் தள்ள வேண்டும்; மரத்துக்கு அடியில் யாரும் கைவிடக் கூடாது.

இந்த முனை கொஞ்சம், அந்த முனை கொஞ்சம் என்று மாற்றி மாற்றி, இரண்டு காலைப்பொழுதில் மரத்தைக் கல்லின் மேல் ஏற்றிவிட்டோம். மனைவியும் நானும் மட்டும்தான். மரம் நிழலில் காய்ந்து, அறுபட்டு, இப்போது திண்ணையில் பெஞ்சாக இருக்கிறது. மாலையில் அவள் அதில்தான் உட்காருவாள்.

முக்காலியை யாராவது இரவல் கேட்டு வருவதுண்டு. பெயர்க்காரணத்தை நான் சொன்னதிலிருந்து அவளுக்கும் அது ஆடுதான். "ஆட்டைக் கொண்டு போங்க. கட்டையைக் கம்பால தள்ளணும், கையை விட்டுராதீங்க" என்று சொல்லித்தான் கொடுத்தனுப்புகிறாள்.