வயதின் மேல் பழி

இளங்கலை விலங்கியல், மூன்றாம் ஆண்டு

“வயதாகிவிட்டது” என்னும் ஒரு சொல்லுக்குள் எத்தனை நோய்களை நாம் மூடி வைத்துவிடுகிறோம்!

எங்கள் அப்பத்தாவுக்கு வயது 74. விடியுமுன் எழுந்து வாசல் தெளிப்பவர், சில மாதங்களாகக் கட்டிலை விட்டு எழ மனமின்றிக் கிடந்தார். பேச்சு குறைந்தது. குழம்பில் உப்புப் போட்டதை மறந்து மறுபடியும் போட்டார். ஊரார் மட்டுமல்ல, முதலில் பார்த்த மருத்துவரும் மூப்பு என்றே கூறிச் சத்து மாத்திரை எழுதித் தந்தார். வலது காலை இழுத்து நடக்கத் தொடங்கிய பிறகே ஸ்கேன் எடுத்தார்கள். மண்டை ஓட்டின் உட்புறத்தை ஒட்டி, எலுமிச்சம்பழ அளவில் ஒரு கட்டி!

அதன் பெயர் மெனிஞ்சியோமா. மூளையில் அன்று, மூளையைப் போர்த்திய உறையில் தோன்றுவது, பெரும்பாலும் மெதுவாக வளர்வது, பெண்களிடம் மிகுதி. முதுமையில் மூளை சற்றே சுருங்கி இடம் விடுவதால், நெடுநாள் ஒளிந்திருக்கவும் அதனால் முடிகிறது. 1922-இல் இப்பெயரை இட்டவர் அமெரிக்க அறுவை மருத்துவர் ஹார்வி குஷிங். அவர் 1910-இல் தளபதி லெனார்டு வுட்டின் கட்டியை அகற்றினார். அது மீண்டும் வளர்ந்து, 1927-இல் மறுமுறை அறுத்தபின் வுட் உயிர் பிழைக்கவில்லை.

கட்டி திரும்புமா என்பதைக் கணிக்கவே தரம் பிரிக்கிறார்கள். ஸ்கேன் கட்டியைக் காட்டும். தரத்தை உறுதியாகச் சொல்லாது. அகற்றிய திசுவை நுண்ணோக்கியில் பார்க்க வேண்டும். செய்முறை வகுப்பில் வெங்காய வேர் நுனியில் மைட்டாசிஸ் நிலைகளைத் தேடுகிறோமே, ஏறக்குறைய அதே வேலைதான்! 10 புலங்களில் பிரியும் செல்கள் 4 முதல் 19 வரை இருந்தால் இரண்டாம் தரம். 20-ம் அதற்கு மேலும் மூன்றாம் தரம். கட்டி மூளைக்குள் புகுந்திருந்தாலும் இரண்டாம் தரமே. 2021-இல் உலக சுகாதார நிறுவனம் சில மரபணு மாற்றங்களையும் மூன்றாம் தரத்தின் அடையாளமாகச் சேர்த்தது. நூற்றுக்கு எண்பது கட்டிகள் முதல் தரத்தவை என்பது ஆறுதல்.

இந்த வயதில் அறுப்பதா, விடுவதா? தொல்லை தராத சிறு கட்டியென்றால் அவ்வப்போது படம் எடுத்துக் கண்காணித்தாலே போதும் என்றார் மருத்துவர். ஆனால் அப்பத்தாவின் கால் ஓய்ந்துகொண்டிருந்தது. சர்க்கரை, இதயம், அன்றாட நடமாட்டம் அனைத்தையும் ஆராய்ந்த பின்னரே அறுத்தார்கள். பத்தாம் நாள் முடிவு வந்தது: முதல் தரம். அப்பா அந்தத் தாளைச் சாமி படத்தடியில் வைத்து வணங்கினார். இன்று அப்பத்தா கைத்தடியுடன் நடக்கிறார். ஆண்டுதோறும் படம் எடுக்க வேண்டும்.

நண்பர்களே, நம் வீட்டு முதியவர்களின் நடையோ பேச்சோ சில மாதங்களுக்குள் மாறினால், வயதின் மேல் பழி போடுமுன் மருத்துவரிடம் அழைத்துச் செல்வோம். மூப்புக்கு மருந்தில்லை, மூப்பென்று நாம் எண்ணிக்கொண்டிருப்பதற்கு மருந்து இருக்கலாம்.