வைக்கோலில் பூக்கும் சிப்பி

மாசி மாதத்தில் தஞ்சைச் சீமையிலிருந்து கோயம்புத்தூருக்குப் பிரயாணம் செய்கிறவர்கள், அறுவடை இயந்திரம் உதறிவிட்டுப் போன வைக்கோல் வயலெங்கும் பரவிக் கிடப்பதைக் காண்பார்கள். அதில் ஒரு பகுதி கட்டுக் கட்டாக லாரி ஏறும். மாடுகள் குறைந்துவிட்ட ஊர்களில் ஒரு பகுதி தீக்கு இரையாகும். அந்த வைக்கோலுக்கு வேறொரு கதியும் உண்டு என்பதைக் காணவே நாம் கோவைக்குச் சென்றோம்.

காளான் வளர்ப்பு இவ்வூருக்குப் புதியதன்று. இங்குள்ள விவசாயக் கல்லூரியைச் சேர்ந்தவர்கள் 1943-லேயே வைக்கோற் காளானை வளர்த்துக் காட்டினார்கள். சிப்பிக் காளானை வைக்கோலில் வளர்க்கும் முறையை 1962-ல் மைசூர் உணவு ஆராய்ச்சி நிலையத்தில் ஜாகியா பானோ, ஸ்ரீவாஸ்தவா என்ற இருவர் வகுத்தார்கள். 1971-ல் பல்கலைக் கழகமாக உயர்ந்த கோவைக் கல்லூரி, ஜனங்களுக்கு அதைக் கற்பித்து வருகிறது.

நகருக்கு மேற்கே, மலையடிவாரத்துக் கிராமம் ஒன்றில் ஓர் அம்மாளின் காளான் குடிலைக் கண்டோம். தென்னங்கீற்று வேய்ந்த கூரை. தரையில் நனைந்த மணல். உள்ளே நுழைந்ததும் ஆடி மாதத்துக் குளிர்ச்சி. உறிகளைப் போலத் தொங்கிய பைகளின் துளைகளிலிருந்து வெள்ளை வெளேரென்று காளான்கள் அடுக்கடுக்காக விரிந்திருந்தன.

வேலையின் விவரம் இதுதான். வைக்கோலை இரண்டு அங்குலத் துண்டுகளாக நறுக்கி, நான்கைந்து மணி நேரம் ஊற வைத்து, பிறகு வெந்நீரில் வேக வைக்கிறார்கள். இதில் சோம்பினால் பச்சைப் பூசணம் புகுந்து படுக்கையையே கெடுத்துவிடும். பிழிந்தால் நீர் சொட்டாத பதத்தில், வைக்கோலையும் சோள மணியில் வளர்த்த காளான் வித்தையும் மாறி மாறிப் பையில் அடுக்குகிறார்கள். இரண்டு வாரத்தில் பை முழுதும் வெண்ணிற இழை படர்கிறது. மாட்டின் வயிற்றுக்கே எளிதில் மசியாத நாரை இந்த இழை கரைத்து உண்கிறது! பிறகு குடிலில் தொங்கவிட்டு நீர் தெளித்தால், ஒரு வாரத்தில் முதல் அறுவடை. நாற்பத்தைந்து நாளில் மூன்று அறுவடை முடியும். ஒரு கிலோ உலர்ந்த வைக்கோல், நன்றாகப் பேணினால், முக்கால் முதல் ஒரு கிலோ வரை காளான் தரும்.

"நெலம் நமக்கு ஏதுங்க? இந்தக் குடிசைதானுங்க நம்ம தோட்டம்," என்றார் அம்மாள்.

ஆனால் அத்தோட்டத்தின் விளைச்சல் ஒரு நாளுக்கு மேல் பொறுக்காது. காளானில் பத்தில் ஒன்பது பங்கு நீர். விடியற்காலையில் பறித்தது மறுநாள் வாடத் தொடங்கிவிடும். நெல்லைப் பத்தாயத்தில் போட்டு நல்ல விலைக்குக் காத்திருக்கலாம். இதை அப்படிச் செய்ய முடியாது.

"விக்காத நாளைக்கு என்ன செய்வீர்கள்?" என்று கேட்டோம்.

"பாதியை வெயில்ல காய வெப்பேனுங்க. மீதி நம்ம சட்டிக்குத்தானுங்க," என்று சிரித்தார்.

அந்தச் சிரிப்புக்குள் இருக்கும் கவலையை நேயர்கள் உணர வேண்டும். வைக்கோலுக்குப் பஞ்சமில்லை, கற்றுத்தர ஸ்தாபனம் இருக்கிறது, உழைக்கும் கையும் இருக்கிறது. குறைவது பக்கத்து ஊரில் வாங்கிச் சமைக்கும் வீடுகள்தாம். தூரத்து நகரத்தை நம்பிக் குடில் போடுகிறவர் நஷ்டப்படுவார். அயல் தெருவில் பத்து வீடு வாங்கினால் பிழைத்துக்கொள்வார்.

மூன்றாம் அறுவடை கழிந்த பைகளைக் குடிலுக்குப் பின்னால் மட்க வைத்திருந்தார்கள். அந்த எருவைத் தின்று இரண்டு வாழைகள் குலை தள்ளியிருந்தன.