தரங்கம்பாடிக் கோட்டையின் கீழ்த்தளம்

கோயிலுக்குத் தலபுராணம் உண்டு. குளத்துக்கும் உண்டு. ஊரெல்லையில் நிற்கும் வேப்பமரத்துக்குக்கூட ஒரு கதை உண்டு. தேவர் வந்தனர், முனிவர் சபித்தார், பாவம் தொலைந்தது என்று பாட்டி முதல் பூசாரி வரை அடுக்கிச் சொல்வர். அதே ஊரில் நிற்கும் அரசாங்கக் கட்டடத்தைக் காட்டி, "இங்கே என்ன நடந்தது?" என்று கேட்டுப் பாருங்கள்! "வெள்ளைக்காரன் கட்டியது" என்று இரண்டே சொற்களில் விடை முடிந்துவிடும். நடவாததற்கு நூறு பாட்டு. நடந்ததற்கு ஒரு வரி இல்லை!

தரங்கம்பாடியைப் பாருங்கள். மயிலாடுதுறை மாவட்டத்தில், கடலோரத்தில் உள்ள சிறிய ஊர். அலையோசை கேட்கும் தொலைவில் நிற்கிறது டேன்ஸ்பர்க் கோட்டை. 1620-ஆம் ஆண்டு தஞ்சை மன்னன் இரகுநாத நாயக்கனுக்கும் டென்மார்க் அரசன் நான்காம் கிறிஸ்தியனுக்கும் உடன்பாடு ஏற்பட்டது. தஞ்சை மன்னன் விடுத்த மடல் பொன்னேட்டில் எழுதப்பட்டது. இன்றும் அது டென்மார்க்கின் ஆவணக் காப்பகத்தில் இருக்கிறது. ஆண்டுக்கு 3,111 ரூபாய் செலுத்தவேண்டும்; அதற்கு ஈடாக ஊரையும் துறைமுகத்தையும் ஆண்டுகொள்ளலாம். மிளகு வாங்க வந்தவர் கோட்டை கட்டிக் குடியேறினர். மன்னர்களின் உறவுக்குப் பொன்னேடு சான்று. செங்கல் சுமந்தவனுக்கு எந்த ஏடு சான்று?

கோட்டைக்கு இரண்டு தளங்கள். மேல்தளத்தில் ஆளுநரும் தலைமை வணிகரும் பாதிரியாரும் தங்கினர். தொழுகைக் கூடமும் அங்கேதான். கீழ்த்தளத்தில் சரக்கறை, படைவீரர் தங்குமிடம், சிறை. மேலே கடவுள், கீழே கைதி! அந்தக் கால ஆட்சிமுறையை விளக்க இதைவிட நல்ல படம் வேண்டுமோ?

என் மாணவர்களை அங்கே அழைத்துச் சென்றபோது, ஒரு சிறுவன் கேட்டான்: "ஐயா, இங்கே யாரை அடைத்தார்கள்?" ஆளுநர் யார் என்று அவன் கேட்கவில்லை, அடைபட்டவர் யார் என்று கேட்டான். வரலாறு தொடங்கவேண்டிய இடம் அந்தக் கேள்விதான்.

அவனுக்குச் சொன்ன விடை இது. சீகன்பால்கு என்ற ஜெர்மானியர், டென்மார்க் அரசன் அனுப்ப, மதம் பரப்புவதற்காக 1706-இல் இங்கே வந்தார். தமிழ் கற்றார், புதிய ஏற்பாட்டைத் தமிழாக்கி, 1715-க்குள் அச்சிட்டு முடித்தார். அந்தப் புகழுக்கெல்லாம் முன்பு, 1708-இல், ஒரு வழக்கு எழுந்தது. தமிழ் நாவிதர் ஒருவர் இறந்துவிட்டார். அவருடைய கடன் பற்றிய வழக்கில், அவருடைய கைம்பெண்ணுக்கு எதிரில் நின்றவன் கம்பெனியின் மொழிபெயர்ப்பாளன். ஆட்சியாளரின் மொழியைத் தன் நாவில் வைத்திருந்தவன்! அந்தப் பெண்ணுக்காகச் சீகன்பால்கு பரிந்து பேசினார். கோட்டைத் தலைவன் ஹாசியஸ் பொறுக்கவில்லை. பரிந்து பேசியவர் நான்கு மாதம் சிறையில் கிடந்தார்.

அவருடைய மதம் நமக்கு வேண்டியதில்லை. அவர் நட்ட திருச்சபையில் சாதியும் நுழைந்து தனியிருக்கை போட்டு அமர்ந்துகொண்டது என்பதை மறைக்கவும் வேண்டியதில்லை. நம் கண் நாடவேண்டியது அந்தக் கைம்பெண்ணை. கணவனை இழந்தவள், தாழ்ந்ததென்று சமுதாயம் தள்ளிவைத்த தொழிலைச் செய்தவரின் மனைவி, ஆள்வோரின் மொழி அறியாதவள். ஆயினும் நீதி வேண்டும் என்று கேட்டாள்! பாதிரியாரின் பெயர் இருக்கிறது, சிறையிட்டவனின் பெயர் இருக்கிறது. நான் படித்த நூல்களிலோ, அவள் வெறும் "நாவிதரின் மனைவி".

பின்னர் என்ன? 1845-இல் டென்மார்க் தன் இந்தியக் குடியேற்றங்களை ஆங்கிலக் கம்பெனிக்குப் பன்னிரண்டரை இலட்சம் ரூபாய்க்கு விற்றது. தரங்கம்பாடியும் அதில் அடக்கம். சந்தையில் மாடு கைமாறுவது போல மக்கள் கைமாறினர். அவர்களை எவரும் கேட்கவில்லை. அதே ஆண்டு தஞ்சை மாவட்டத்தின் தலைமையிடம் இவ்வூருக்கு வந்தது; 1860-இல் தஞ்சாவூருக்குப் போய்விட்டது. விடுதலைக்குப் பின்னும் கோட்டை, சுற்றுப்பயணம் வரும் அதிகாரிகள் தங்கும் மாளிகையாகவே 1978 வரை இருந்தது. அதன் பிறகுதான் தமிழ்நாட்டுத் தொல்லியல் துறையின் கைக்கு வந்து, அருங்காட்சியகமாகி, பொதுமக்களுக்குத் திறந்தது. மன்னன் போனான், கம்பெனி போயிற்று, துரை போனார். உழைத்த மக்களின் பிள்ளைகள் தலைநிமிர்ந்து உள்ளே நுழைய முந்நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேல் ஆயின!

தோழர்களே, உங்கள் ஊரிலும் ஒரு தாலுகா கச்சேரி இருக்கும். ஒரு கிளைச்சிறை இருக்கும். பழைய பயணியர் மாளிகை இருக்கும். அதன் நிலம் முன்பு யாருடையது? கல் சுமந்தவர் யார்? மனுவோடு வந்து வாசலில் நின்றவர் யார்? நிற்கவும் விடாமல் விரட்டப்பட்டவர் யார்? முதியோரைக் கேளுங்கள், பழைய ஆவணங்களைப் புரட்டுங்கள், எழுதி வையுங்கள். புராணம் கேட்டவன் கைகூப்பி நிற்பான். வரலாறு அறிந்தவன், "இது என் கட்டடம்; என் மனு எங்கே?" என்று கேட்பான்.

அப்படிக் கேட்கும் குரல் பெருகட்டும். அந்தப் பெயரற்ற பெண்ணுக்கு நாம் செலுத்தும் மரியாதை அதுவே.