மீதி

பல்லுறுப்பிகளை வகுப்பது வெறும் தேர்வுக் கணக்கு என்றே மாணவர் பலரும் எண்ணுகின்றனர். உவா மலைத் தோட்டங்களின் பிள்ளைகள் பயிலும் வகுப்பிலே, கணித ஆசிரியர் இல்லாத பாடவேளைகளில் தமிழ் கற்பிக்கும் நாமே அதனை விளக்க நேரும்போது, அஃது அவர்தம் பாட்டன்மாரின் கதையாகவும் நமக்குத் தோன்றுகிறது.

முறை எளிது. அறியாக் கணியத்தைக் ‘க’ என்று கொள்வோம். க² + 5க + 8 என்பதைக் க + 2 ஆல் வகுக்க வேண்டும். முதல் உறுப்பை முதல் உறுப்பால் வகுத்தால் க. அதனைக் க + 2 ஆற் பெருக்கிக் கழித்தால் எஞ்சுவது 3க + 8. மீண்டும் வகுத்தால் 3. பெருக்கிக் கழித்தால் எஞ்சுவது 2. மீதியின் படி வகுத்தியின் படியிலும் குறைந்துவிட்டது; இனி வகுக்க இயலாது. ஈவு க + 3, மீதி 2. சரிபார்க்கவும் வழியுண்டு. வகுத்தியை ஈவாற் பெருக்கி மீதியைக் கூட்டினால், தொடங்கிய கோவை ஒன்றும் குறையாமல் திரும்பி வரவேண்டும். க³ − 1 போன்ற கோவையிலோ, இல்லாத உறுப்புகளுக்கும் பூச்சியமிட்டு இடம் ஒதுக்குகிறோம்.

இனி, மனிதரை வகுத்த கணக்கைப் பாருங்கள். 1947ஆம் ஆண்டுத் தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரஸின் சார்பில் 7 பேரைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பிய மலையக மக்களுட் பெரும்பாலோர், 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டத்தால் நாடற்றவராயினர். அங்கே இல்லாத உறுப்புக்கும் இடமுண்டு. இங்கே இருந்த மக்களுக்கே இடமில்லை! 1964 ஒக்டோபரில் சிறிமாவோவும் சாஸ்திரியும் செய்த ஒப்பந்தம் அவர்களை 975,000 பேர் என்று கணித்தது. இந்தியாவுக்கு 525,000, இலங்கைக்கு 300,000, அஃதாவது, 7க்கு 4. மீதி 150,000 பேரின் கதியைப் பின்னர் தீர்மானிப்போம் என்றனர். 1974இல் சிறிமாவோவும் இந்திரா காந்தியும் அந்த மீதியையும் பாதிக்குப் பாதியாக, 75,000 வீதம் பிரித்தனர். காகிதத்திலே மீதி பூச்சியமாயிற்று.

சரிபார்ப்போமா? பசறையிலும் லுணுகலையிலும் நமுனுகுலையிலும் கேட்டுப் பாருங்கள். தமையன் ஒரு நாட்டுக்கும் தம்பி மற்றொரு நாட்டுக்கும் உரியவராகிப் பிரிந்த குடும்பங்கள் எத்தனை! பதுளையிலே புகையிரதமேறித் தலைமன்னாரிலே கப்பலேறியவரையும், லயத்துக் காம்பராவின் வாசலிலே நின்று வழியனுப்பியவரையும் எந்தப் பெருக்கல் ஒன்றுசேர்க்கும்? எண் திரும்பி வந்தது. குடும்பம் திரும்பி வரவில்லை. வகுக்கப்பட்டவரை ஒரு வார்த்தை கேளாமலே வகுத்தியைத் தெரிந்தெடுத்த கணக்கு அது.

எஞ்சியிருந்தோருக்கு 2003ஆம் ஆண்டின் சட்டம் குடியுரிமை வழங்கிற்று. உரிமை பறிபோய் 55 ஆண்டுகள் கழிந்த பின்னர்! ஆயினும், தாம் பிறந்த லயம் நிற்கும் நிலத்திலே ஒரு சாண்கூடத் தமக்கென்று இல்லாத குடும்பங்கள் இன்றும் இம்மலைகளில் வாழ்கின்றன.

ஆதலால், ஈவு வந்தவுடன் அடிக்கோடிட்டு நின்றுவிட வேண்டாம் என்று மாணவர்க்குச் சொல்கிறோம். மீதியை எழுதுங்கள், பெருக்கிப் பாருங்கள். தோட்டப் பாடசாலைகளுக்குக் கணித ஆசிரியர் வேண்டுமென்று நாம் ஓயாது கேட்பதும் இதற்காகவே. தம்மை எண்ணுவோரின் கணக்கைத் தாமே சரிபார்க்கவல்ல ஒரு தலைமுறை இம்மலைகளுக்கு வேண்டும்.